தங்கை தீட்டிய அக்கா

1871, பாரிஸ் மக்கள் மறக்க நினைத்த ஆண்டு. ஜனவரிக் கடைசி வரை பிரஷ்யப் படையின் முற்றுகை. குதிரையையும் எலியையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். மார்ச்சில் கம்யூன் எழுச்சி. மே மாதக் கடைசி வாரத்தில் அரசுப் படை ஊருக்குள் புகுந்து தெருத்தெருவாகச் சுட்டுத் தள்ளியது. துயிலெரி அரண்மனையும் நகர மன்றக் கட்டடமும் எரிந்து நின்றன. இதையெல்லாம் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம்.

இந்தக் கலவர ஆண்டில் பாரிஸை விட்டு, வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போனார் ஒரு பெண். வயது முப்பது. கல்யாணம் ஆகவில்லை. முற்றுகைக் காலம் முழுக்கத் தாய் தகப்பனோடு பாரிஸிலேயே இருந்ததில் உடம்பு தளர்ந்துவிட்டது. அவர் படம் தீட்டிக்கொண்டிருந்த கூடத்தைத் தேசியக் காவல் படையினர் தங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்தான் பெர்த் மொரிஸோ. ஷெர்பூரில் இருந்தது அவருடைய அக்கா எட்மா. கடற்படை அதிகாரி அடோல்ஃப் பொந்தியோனின் மனைவி. ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இரண்டாவது.

அந்த ஆண்டில்தான் பெர்த் தன் அக்காவை உட்கார வைத்துப் பாஸ்டலில் ஓர் உருவப்படம் தீட்டினார். உயரம் ஏறத்தாழ 81 சென்டிமீட்டர், அகலம் 65. இன்று பாரிஸ் ஓர்ஸே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இம்ப்ரெஷனிஸம் என்றதும் நம் நினைவுக்கு வரும் தாமரைக் குளமோ நடனப் பெண்களோ படகு விருந்தோ இதில் இல்லை. பூப்போட்ட துணி போர்த்திய சோபாவில் கறுப்பு உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். சூல் கொண்ட உடல் என்பதைப் படம் மறைக்கவும் இல்லை, எடுத்துக்காட்டவும் இல்லை. கைகள் மடியில் ஒன்றுசேர்ந்து கிடக்கின்றன. அந்தக் கைகளில் எந்த வேலையும் இல்லை. தையல் இல்லை, புத்தகம் இல்லை, விசிறி இல்லை.

அந்தக் கைகளுக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை. அவை ஓர் ஓவியரின் கைகள். பன்னிரண்டு ஆண்டுகள் தூரிகை பிடித்த கைகள். தங்கைக்குச் சமமாக, சிலர் கணிப்பில் தங்கையைவிட மேலாகவே, வரைந்த கைகள். படம் தீட்டப்பட்டபோது அவை ஓய்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மொரிஸோ வீட்டில் மூன்று பெண்கள், ஒரு பையன். மூத்தவர் ஈவ், அடுத்தவர் 1839இல் பிறந்த எட்மா, மூன்றாமவர் 1841இல் பிறந்த பெர்த். தகப்பனார் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். 1850களில் குடும்பம் பாரிஸின் மேற்கு ஓரத்துப் பாஸிக்குக் குடிவந்தது. தகப்பனாரின் பிறந்தநாளுக்குப் பெண்கள் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தாயாருக்கு ஓர் ஆசை. அதற்காக 1857இல் ஷொகார்ன் என்ற ஆசிரியரிடம் சேர்த்துவிட்டார். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோவும் கொஞ்சம் சித்திரமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். அதற்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஷொகார்னின் பாடம் சலிப்பூட்டியது. மூத்தவர் ஈவ் விலகிக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் ஜோசஃப் கிஷார் என்ற வேறோர் ஆசிரியரிடம் போனார்கள்.

கிஷார் கண் உள்ளவர். சில நாளிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாயாரிடம் போய் அவர் சொன்ன எச்சரிக்கை அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. உங்கள் பெண்களின் இயல்புக்கு என் பாடம் வரவேற்பறைப் பொழுதுபோக்கோடு நிற்காது, இவர்கள் ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது ஒரு புரட்சி, பேரிடர் என்றுகூடச் சொல்லலாம், இந்தக் கலையை வீட்டுக்குள் விட்டதற்காகப் பின்னால் ஒருநாள் வருந்த மாட்டீர்களே என்று கேட்டாராம். தாயார் பின்வாங்கவில்லை. அந்த அம்மாவை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னாளில் அவர் தடுமாறியதையும் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் அன்றைக்குக் கதவை அடைக்காமல் விட்டது அவர்தான்.

பாரிஸின் அரசுக் கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. ஆகவே அக்காளும் தங்கையும் கற்றது லூவ்ர் அருங்காட்சியகத்தில். வெரொனேஸ் போன்ற பழைய மேதைகளின் படங்களுக்கு எதிரே சட்டகம் போட்டு நின்று நகல் எடுத்தார்கள். வயது வந்த பெண்கள் தனியே போகக் கூடாது என்பதால் தாயாரும் கூடவே போய் உட்கார்ந்திருப்பார். 1860 வாக்கில் இயற்கைக் காட்சி ஓவியர் கொரோவிடம் போனார்கள். அறைக்குள் அடைந்து கிடக்காமல் திறந்த வெளியில் நின்று வரையும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. கொரோவுக்கு எட்மாவின் மேல்தான் நம்பிக்கை அதிகம் என்பார்கள். எட்மா சொன்னதைக் கவனமாகக் கேட்டு அமைதியாக வேலை செய்பவர். பெர்த் எதிலும் நிறைவடையாதவர், வரைந்ததைப் பிடிக்காமல் அழித்துவிடுபவர். பெர்த்தின் தொடக்க கால வேலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவரே அழித்துவிட்டார்.

1864இல் இரண்டு பேரின் படங்களும் சலோனில் இடம்பெற்றன. அரசு ஆதரவில் நடந்த அந்தப் பெருங்கண்காட்சியின் தேர்வுக் குழுவைத் தாண்டுவது ஆண்களுக்கே பெரிய சோதனை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் படங்கள் அனுப்பினார்கள். தகப்பனார் வீட்டுத் தோட்டத்திலேயே அவர்களுக்கென்று ஓவியக் கூடம் கட்டிக் கொடுத்தார். ஒரே கூடம், ஒரே வெளிச்சம், ஒரே ஆசிரியர், ஒரே சாயக் கடை. 1865ஐ ஒட்டி எட்மா தன் தங்கையை வரைந்தார். பெர்த் ஓவியச் சட்டகத்துக்கு முன்னால் தூரிகையும் கையுமாக நின்று வேலையில் மூழ்கியிருக்கிறார் அந்தப் படத்தில். இன்னொருத்தி வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகியவரால்தான் அப்படி வரைய முடியும். எட்மா விட்டுச்சென்ற மிகச் சில படங்களில் முக்கியமானது அது. அதைப் பார்த்த எவரும் எட்மாவைப் பொழுதுபோக்கு ஓவியர் என்று ஒதுக்க மாட்டார்கள்.

1868இல் இந்தச் சகோதரிகள் எதுவார் மானேயைச் சந்தித்தார்கள். நவீன ஓவியத்தின் தலைமகன் என்று இளைஞர்கள் கொண்டாடிய மானே, அந்த ஆண்டு ஆகஸ்டில் நண்பர் ஃபாந்தேன்-லத்தூருக்கு எழுதிய கடிதத்தில் மொரிஸோப் பெண்கள் இனிமையானவர்கள், ஆண்களாகப் பிறக்காமல் போனார்களே என்று எழுதினார். பழைமைவாத அகாடமிக்காரர்களை ஆளுக்கொருவராகக் கட்டிக்கொண்டு அங்கே கலகம் மூட்டினால் ஓவியத்துக்குச் சேவையாக இருக்கும் என்றும் வேடிக்கையாகச் சேர்த்தார். மானே கெட்ட எண்ணத்தில் எழுதியவரல்ல. பெர்த்தின் திறமையை உளமார மதித்தவர். அப்படிப்பட்டவருக்கே இந்த எண்ணம்தான் முதலில் வந்தது என்றால், மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு, 1869இல், எட்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பொந்தியோன், மானே இளமையில் ரியோ டி ஜெனீரோவுக்குப் பயிற்சிக் கப்பலில் போனபோது அறிமுகமானவர். கல்யாணம் முடிந்ததும் கணவருடைய பணி இடமான லொரியான் துறைமுகத்துக்கு எட்மா குடிபோனார். தூரிகை அத்தோடு நின்றது.

யாரும் தடை போட்டதாகத் தெரியவில்லை. கணவர் கண்டித்தார் என்பதற்கும் சான்று இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் கெட்டவன் ஒருவனைத் தேடிப் பிடித்துவிட்டால் நம் மனம் அமைதியாகிவிடும். எட்மாவின் கதையில் அப்படி யாரும் இல்லை. துறைமுக ஊரில் கூடம் இல்லை, லூவ்ர் இல்லை, வரைந்ததைப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று சொல்ல ஒரு கண் இல்லை. பக்கத்தில் நின்று வரைய இன்னொருத்தி இல்லை. கப்பல் அதிகாரிக்கு எப்போது எங்கே மாற்றல் வரும் என்று தெரியாது. வீடு, விருந்தினர், பிறகு பிள்ளைப்பேறு. கை நின்றுபோக இவ்வளவு போதுமானதாக இருந்தது.

கல்யாணமான புதிதில் அக்காளும் தங்கையும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. என் மனம் உன்னோடு கூடத்தில்தான் இருக்கிறது, ஒரு கால் மணி நேரமாவது அங்கே ஓடி வந்து, இத்தனை வருஷம் நாம் மூச்சு விட்ட அந்தக் காற்றை மூச்சு விட்டுப் போகமாட்டேனா என்ற பொருளில் எட்மா எழுதினார். தங்கையின் பதில் இன்னும் ஆழமாகத் தைக்கிறது. நீ இழந்ததாக நினைத்து ஏங்கும் இந்தச் சித்திரவேலை எத்தனை துன்பத்துக்குக் காரணம் என்று உனக்கே தெரியும், உன் வாழ்வில் உறுதியான ஒரு பிடிப்பு இருக்கிறது, அதைக் குறைத்து நினைக்காதே என்று தேற்றுகிறார் பெர்த். தேற்றுகிறவர் தனியாக நிற்கிறார். கூட வர ஆள் இல்லாமல் லூவ்ருக்கும் போக முடியவில்லை, வேலையும் ஓடவில்லை. இரண்டு பேருமே அடுத்தவர் இடத்தைப் பார்த்து ஏங்கிய ஆண்டு அது.

கல்யாணமான அதே ஆண்டில் பெர்த் லொரியானுக்குப் போய் அக்காவோடு இருந்தபோது, துறைமுகக் கரைச் சுவரின் மேல் வெயிலுக்குக் குடை பிடித்து எட்மா உட்கார்ந்திருக்கும் எண்ணெய் ஓவியத்தைத் தீட்டினார். மானே அதை மெச்சவே, அவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். பனிக்காலத்தில் முதல் பேறுகாலத்துக்காகத் தாய்வீடு வந்த எட்மாவைத் தாயாரோடு சேர்த்து இன்னொரு பெரிய படம் தொடங்கினார். 1870 சலோனுக்கு அனுப்பும் தறுவாயில் யோசனை கேட்கப்போய், மானே தாமே தூரிகையை வாங்கித் தாயாரின் பாவாடை விளிம்பில் தொடங்கி முகம் வரை திருத்திவிட்டார். பெர்த் குமைந்துபோனார். அக்கா உட்கார்ந்த படத்தில் இன்னொருவர் கை விழுந்த கசப்பு அவரைவிட்டுச் சீக்கிரம் போகவில்லை. 1871 பாஸ்டலைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இதில் வேறு யார் கையும் இல்லை.

ஏன் பாஸ்டல்? நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தேய்க்கும் மெழுகு கலந்த ஆயில் பாஸ்டலை நினைக்க வேண்டாம். இது காய்ந்த வகை. நிறப்பொடியைச் சுண்ணத்தோடு குழைத்து, பிசினைப் பேருக்குச் சேர்த்து, விரல் நீளக் குச்சிகளாக உருட்டி உலர்த்துவார்கள். பிசின் கூடினால் குச்சி கெட்டிப்பட்டு நிறம் மங்கும், குறைந்தால் கையிலேயே உதிரும். தாளில் இழுத்தால் தாளின் சொரசொரப்பில் பொடி சிக்கி நிற்கும். வாசலில் போட்ட கோலம் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான். ஒட்டு எதுவும் இல்லை, தொட்டால் கலையும். எண்ணெய் சேராததால் ஆண்டுகள் போனாலும் நிறம் பழுப்பேறாது. ஆனால் படத்தை வேகமாகத் தட்டினாலே நிறம் உதிரும். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் முகத்துப் பொடி கண்ணாடிக்குப் போய்விடும்.

இந்தக் கருவிக்குப் பெண்களோடு பழைய உறவு உண்டு. வெனிஸிலிருந்து 1720இல் பாரிஸுக்கு வந்த ரோசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர்தான் பிரெஞ்சு மேட்டுக்குடிக்குப் பாஸ்டல் பித்தை ஏற்றியவர். அவருக்குப் பின் லா தூர், சீமாட்டி பொம்பதூரை ஆளுயரத்துக்குப் பாஸ்டலில் தீட்டி 1755 சலோனில் வைத்தார். பிரெஞ்சுப் புரட்சியோடு அரண்மனை வாசம் வீசிய இந்தக் கலைக்கு மவுசு போயிற்று. பிறகு வெகுகாலம் வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்கும் கருவி என்ற இளப்பம் அதற்கு. மானேவும் தெகாவும் கையில் எடுத்து அதைப் பெரிய கலையாக்கினார்கள் என்று நூல்கள் சொல்லும். மானே தம் மனைவி சூசானை நீல சோபாவில் பாஸ்டலில் வரைந்தது 1874இல். பெர்த் தன் அக்காவைப் பூப்போட்ட சோபாவில் வரைந்தது அதற்கு மூன்று ஆண்டு முன்பே. இந்தக் கணக்கை நம் கலை வரலாற்று நூல்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன.

வீட்டுக்குள் வரைய இதைவிடத் தோதான கருவி கிடையாது. டர்பன்டைன் நெடி இல்லை. காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை அழுதால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாதக்கணக்கான கர்ப்பிணியை மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வைக்க வேண்டாம். ஆனால் எளிதான கருவி என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெய் வண்ணத்தில் தட்டில் குழைத்துத் தேவையான நிறத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். பாஸ்டலில் கையிலிருக்கும் குச்சி என்ன நிறமோ அதுதான், கலப்பதெல்லாம் தாளின் மேலேயே. பொடி கீழ்நோக்கி உதிரும் என்பதால் மேலிருந்து கீழாக வருவது வழக்கம். இதில் மிகக் கடினம் கறுப்பு. கறுப்புப் பொடி பரவிவிட்டால் பக்கத்து நிறமெல்லாம் அழுக்காகும். கன்னத்தில் கொஞ்சம் பட்டாலும் போச்சு, முகமே சாம்பலாகிவிடும். பெர்த் எடுத்துக்கொண்டதோ கறுப்பு உடை. படத்தின் நடுப்பகுதியை அந்தக் கறுப்புதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டியே கைகளின் தோல் நிறமும் சோபாவின் பூக்களும் துலங்கி நிற்கின்றன. எட்மாவிடம் கற்ற பொறுமை இது என்று சொல்ல எனக்கு ஆசை. அந்தக் கூடத்தில் பொறுமைக்காரர் அவர்தானே.

இந்தப் படத்தில் சோகம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். இழந்த கலையை எண்ணி ஏங்கும் பெண்ணாக எட்மாவை எழுதுவது சுலபம், எழுதியும் இருக்கிறார்கள். பெர்த் அப்படித் தீட்டவில்லை. அக்காவைப் பரிதாபத்துக்குரியவராகவும் ஆக்கவில்லை, தாய்மையின் சிலையாகவும் ஆக்கவில்லை. படம் என்றால் என்ன, எப்படி வருகிறது, எங்கே சறுக்கும் என்று தீட்டுகிறவரின் அளவுக்கே தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு கோட்டையும் அவர் எடைபோடுவார் என்பது பெர்த்துக்குத் தெரியும். சாதாரண மாடல் முன்னால் இருக்கும் சலுகை இங்கே இல்லை. படத்தின் கண்டிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அந்த ஆண்டு டிசம்பரில் எட்மாவுக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். பெயர் பிளான்ஷ். மறு ஆண்டு அவள் தொட்டிலில் தூங்குவதையும் எட்மா கன்னத்தில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பெர்த் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். உலகமே அறிந்த ‘தொட்டில்’ ஓவியம் அதுதான். 1874 ஏப்ரலில் காப்புசின் நெடுஞ்சாலை 35ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக்காரர் நதார் காலி செய்த கூடத்தில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் அது தொங்கியது. விலை போகவில்லை. குடும்பத்திலேயே இருந்து, 1930இல்தான் லூவ்ர் அதை வாங்கியது. அந்தக் கண்காட்சிக்கு வயதான கிஷாரும் வந்தார். மாணவியின் படங்கள் இப்படிப்பட்டவர்களின் நடுவே கிடப்பதைப் பார்க்க நெஞ்சு பதைக்கிறது என்று தாயாருக்கு எழுதினார். 1850களில் தாம் எச்சரித்த பேரிடரைக் கண்ணாலேயே கண்டுவிட்டார்.

தாயாருக்கும் அந்தக் காலத்தில் சந்தேகம் வந்திருந்தது. பெர்த்துக்குத் திறமை இருக்கலாம், ஆனால் அது காசாகும் திறமை இல்லை என்று எட்மாவுக்கே எழுதினார். 1875 மார்ச்சில் ட்ரூவோ ஏல மாளிகையில் மோனே, ரெனுவார், சிஸ்லே படங்களோடு பெர்த்தின் படங்களும் ஏலத்துக்கு வந்தன. அன்றைக்கு எல்லாரையும் மிஞ்சி அதிக விலைக்குப் போனது பெர்த்தின் படம்தான். 480 பிராங்க்.

1874 டிசம்பரில் மானேயின் தம்பி ஒழேனைப் பெர்த் மணந்துகொண்டார். வயது 33. தூரிகை நிற்கவில்லை. 1878இல் மகள் ஜூலி பிறந்தாள், அடுத்த ஆண்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியைத் தவிர்த்தார், அவ்வளவுதான். மொத்தம் எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டார், மொரிஸோ என்ற பிறந்தவீட்டுப் பெயரிலேயே. 1882இல் அவர் நீஸ் நகரத்தில் இருந்தபோது பாரிஸ் கண்காட்சியில் அவர் படங்களை மாட்டும் வேலையை ஒழேன்தான் முன்னின்று பார்த்தார். மாற்றலாகிப் போக வேண்டிய உத்தியோகம் அவருக்கு இல்லை. பாரிஸில் வீடு இருந்தது, வீட்டுக்கு வருகிறவர்கள் தெகாவும் ரெனுவாரும் கவிஞர் மல்லார்மேவுமாக இருந்தார்கள். அக்காளுக்கும் தங்கைக்கும் திறமையில் இருந்த வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் பெரிது என்பது என் முடிவு.

1895 மார்ச்சில் பெர்த் நிமோனியாவில் இறந்தார். வயது 54. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் எதுவுமில்லை என்று எழுதினார்கள். பாஸி இடுகாட்டுக் கல்லில் ஒழேன் மானேயின் விதவை என்று பொறித்தார்கள். மறு ஆண்டு ஓவிய வணிகர் துராந்-ருயேலின் கூடத்தில் மோனே, தெகா, ரெனுவார், மல்லார்மே நான்கு பேரும் சேர்ந்து ஏறத்தாழ 400 படங்களைத் தங்கள் கையாலேயே அடுக்கி நினைவுக் கண்காட்சி நடத்தினார்கள்.

எட்மா 1921 வரை உயிரோடு இருந்தார். தங்கை தீட்டிய பாஸ்டலைப் பிரெஞ்சு அரசுக்கு உயில் எழுதி வைத்தவர் அவரே. ஐம்பது ஆண்டு அதைத் தன்னோடு வைத்திருந்திருக்கிறார். ஓர்ஸேயில் பாஸ்டல்கள் எப்போதும் சுவரில் இருப்பதில்லை. சுமார் 500 பாஸ்டல்கள் கொண்ட சேகரிப்பு அது. தாள் வெளிச்சம் தாங்காது என்பதால் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில் சில மாதம் காட்டிவிட்டு மறுபடி இருட்டறைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். பாரிஸ் போகிறவர்கள் எந்தப் படங்கள் வெளியே இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது உத்தமம்.

அடுத்த வாரம் தெகா. பார்வை மங்க மங்க எண்ணெயை ஒதுக்கிவிட்டு அவர் பாஸ்டலையே பிடித்துக்கொண்ட கதை.

(தொடரும்)